மதுரைல ஏர்ஃபோர்ஸ் பேஸ் இருக்கா? பழைய ஏரோட்ராம், உச்சிப்புளி, தஞ்சாவூர் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

எனக்கு மதுரை ஏர்போர்ட் பக்கத்துல அவனியாபுரம். மொட்டை மாடில நின்னா இறங்குற பிளைட்டோட சக்கரம் வெளிய வர்றது வரைக்கும் தெரியும். சின்ன வயசுல இருந்தே இந்தக் கிறுக்கு, அதனால கல்யாண வீட்டுல பந்திக்கு வெயிட் பண்ணும்போதும் சரி டீக்கடைலயும் சரி ஏரோப்ளேன் சம்பந்தமா என்ன சந்தேகம்னாலும் என்கிட்ட தான் வருவாய்ங்க. அதுலயும் மிலிட்டரி விமானம், ரன்வே, உச்சிப்புளி நேவி கேம்ப் பத்தி தான் ஜாஸ்தி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது. அதான் மொத்தமா எழுதிப் போட்டுட்டேன்.

மதுரைல ஏர்ஃபோர்ஸ் பேஸ் இருக்கா, இல்லையா?

இல்ல. இப்ப இருக்குறது சிவில் ஏர்போர்ட், பயணிகள் விமானத்துக்கானது. ஆனா அது பொறந்தது என்னமோ மிலிட்டரி இடமா தான். 1942ல இரண்டாம் உலகப் போர் நேரத்துல பிரிட்டிஷ் ராயல் ஏர்ஃபோர்ஸ் தான் இந்த இடத்தை முதல்ல யூஸ் பண்ணுச்சு. பயணிகள் விமானம்லாம் 1956ல தான் வந்துச்சு. எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் ஏர்போர்ட்னு சொன்னதே கிடையாது, "ஏரோட்ராம் பக்கம் மாடு போயிருச்சு, ஓட்டிட்டு வாடா"ன்னு தான் சொல்லும். அந்தக் காலத்து வார்த்தை அது.

வெள்ளைக்காரன் எதுக்கு மதுரைல வந்து ரன்வே போட்டான்? இங்க எவன் சண்டைக்கு வந்தான்?

இதைத் தான் பொறுமையா சொல்லணும், ஏன்னா நம்ம பக்கத்துல இருக்குற பழைய ரன்வே எல்லாத்துக்கும் காரணம் இந்த ஒரே கதை தான்.

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு. மார்ச் 8 ரங்கூன் விழுந்துச்சு. ரங்கூன்னா நம்மாளுகளுக்கு வெறும் பேப்பர் நியூஸ் இல்ல, செட்டிநாட்டுல பாதி வீட்டோட பணம் பர்மால தான் கிடந்துச்சு, ராம்நாடு பக்கத்துல இருந்து கூலி வேலைக்குப் போனவங்க எத்தனையோ பேர் நடந்தே திரும்பி வந்தாங்க. அடுத்த மாசம் ஜப்பான்காரன் வங்காள விரிகுடாவுக்குள்ளயே வந்துட்டான். அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, சுய்காகுன்னு 5 விமானந்தாங்கிக் கப்பல், அஞ்சுமே நாலு மாசத்துக்கு முன்னாடி பேர்ல் ஹார்பர்ல அமெரிக்காவை அடிச்ச கப்பலுக. ஏப்ரல் 4ஆம் தேதி சாயங்காலம் பேர்ச்சல்னு ஒரு கனடாக்காரர், இலங்கைல இருந்து கேட்டலினாங்குற கடல்ல இறங்குற விமானத்துல ரோந்து போனவர், அந்தப் படையைப் பார்த்துட்டு வயர்லெஸ்ல தகவல் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே சுட்டு விழுத்திட்டாங்க. உசிரோட தப்பிச்சார், ஆனா போர் முடியிற வரைக்கும் ஜப்பான்ல கைதி.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மேல குண்டு. 6ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திரிகோணமலை, அன்னைக்கே மட்டக்களப்புக்கு வெளிய ஹெர்மிஸ்னு பிரிட்டிஷ்காரனோட விமானந்தாங்கிக் கப்பலும் முங்கிருச்சு. மெட்ராஸ்ல ஜனங்க மூட்டை முடிச்சோட கிளம்பிட்டாங்க. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன பண்றதுன்னு மிருகக்காட்சி சாலைல இருந்த சிங்கம் புலியைக்கூட சுட்டுட்டாங்கன்னா பயம் எந்த அளவுல இருந்துருக்கும்னு பாத்துக்கங்க.

இப்ப மேப்பை எடுத்துப் பாருங்க. தனுஷ்கோடில இருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் கூட வராது. இலங்கை போச்சுன்னா அடுத்த வாசல் நம்ம ராமநாதபுரம் தான். அந்த பயத்துல தான் தென்னிந்தியா பூரா வரிசையா ஏரோட்ராம் எந்திரிச்சுச்சு. மதுரை, தஞ்சாவூர், செட்டிநாடு, கயத்தாறு, சூலூர், அரக்கோணம், சோழவரம், உளுந்தூர்பேட்டைன்னு. ஒண்ணுல குண்டு விழுந்தா இன்னொண்ணுல இறங்கலாம், இது தான் கணக்கு.

அந்த நேரத்துல ராமேஸ்வரத்துல ஸ்டேஷன்ல ட்ரெயின் நிக்காம போகும், பேப்பர் கட்டை ஓடுற ட்ரெயின்ல இருந்தே தூக்கிப் போடுவாங்க, அதைப் பொறுக்கி வீடு வீடா போட்ட பொடியன் தான் அப்துல் கலாம். இந்தக் கதைல அவரு இன்னொரு தடவை வருவார்.

சரி, போர் முடிஞ்சதும் அந்த ரன்வே எல்லாம் என்னாச்சு?

ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலையெழுத்து. மதுரை பெரிய ஊரு, அதனால சிவில் ஏர்போர்ட்டா பொழைச்சுக்கிச்சு. தஞ்சாவூர், சூலூர், தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் கைக்குப் போச்சு (சூலூர் நடுவுல கொஞ்ச காலம் நேவி கைல இருந்துச்சு). அரக்கோணத்தை நேவி எடுத்து 1992ல ஐஎன்எஸ் (இந்தியன் நேவல் ஷிப்) ராஜாளின்னு பெருசா திறந்தாங்க, அங்க ரன்வே 4 கிலோமீட்டருக்கும் மேல.

செட்டிநாடு ரன்வே காரைக்குடி பக்கத்துல கால்நடைப் பண்ணை நிலத்துக்கு நடுவுல கிடக்குது. கயத்தாறுலயும் அப்படித் தான். கட்டபொம்மனைத் தூக்குல போட்ட அதே கயத்தாறு தான். ரெண்டையும் திரும்ப யூஸ் பண்ணலாம், விமான ஓட்டிப் பயிற்சி குடுக்கலாம்னு பேச்சு அப்பப்ப வரும். ரன்வேங்குறது வீடு மாதிரி, ஆள் புழங்குற வரைக்கும் தான் வீடு, அப்புறம் சீமைக்கருவேலம் மொளைச்சுரும்.

மதுரை ரன்வே எவ்வளவு நீளம்? அதுல எழுதிருக்குற நம்பர் என்ன?

2,285 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 தாராளமா இறங்கும், பெரிய விமானம் ஃபுல் லோடோட கிளம்ப பத்தாது. அதனால தான் நீட்டிக்கிறோம்னு வருஷக் கணக்கா வேலை நடக்குது, குறுக்க ரிங் ரோடு வேற போகுது. அதுக்கு நிலம் எடுக்குறதுல சின்ன உடைப்பு ஊர்க்காரங்க 2024ல மாற்று இடம் கேட்டு போராட்டமே பண்ணாங்க. அந்த ஊரு ஆளுக கூட பேசிப் பாருங்க, அவங்களுக்கு இது விமானம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல, வீடு சம்பந்தப்பட்ட விஷயம்.

நம்பர் ரொம்ப ஈஸி. ஒரு முனைல 09, இன்னொரு முனைல 27. காம்பஸ் திசைல கடைசி சைபரை எடுத்துட்டு எழுதுறது. 09ன்னா 90 டிகிரி, கிழக்கைப் பாத்து இறங்குறது. 27ன்னா 270, மேற்கைப் பாத்து. ஆடி மாசம் மேகாத்து தூக்கி அடிக்கும்போது பாருங்க, விமானம் எல்லாம் காத்துக்கு எதிர்ல மேற்கைப் பாத்து தான் இறங்கும். நம்ம காத்தாடி விடுறோம்ல, அதே கதை தான், எதிர்காத்து இருந்தா தான் நிக்கும்.

மதுரைல மிலிட்டரி விமானம் இறங்கவே இறங்காதா?

இறங்கும். விஐபி வந்தா, புயல் வெள்ளம்னா, அவசரம்னா ஏர்ஃபோர்ஸ் விமானம் எந்த சிவில் ஏர்போர்ட்லயும் இறங்கலாம்.

நான் பாத்ததுலயே மறக்க முடியாதது 2015 ஜூலை 29. ரெண்டு நாளைக்கு முன்னாடி ஷில்லாங்ல கலாம் ஐயா தவறிட்டார். டெல்லில இருந்து அவரு உடலை ஏர்ஃபோர்ஸோட சி-130ஜெ விமானத்துல மதுரைக்குத் தான் கொண்டு வந்தாங்க. வழக்கமா வர்ற பயணிகள் பிளைட் மாதிரி இல்ல அது, சாம்பக் கலரு, வயிறு பெருத்த மாதிரி உடம்பு, றெக்கைல நாலு காத்தாடி, ஒவ்வொண்ணுலயும் ஆறு இதழ். சத்தமும் வேற, விசில் மாதிரி இல்லாம அடி வயித்துல இருந்து உறுமுற மாதிரி. மத்தியான வெயில்ல ரோட்டோரம் நின்ன கூட்டத்துல ஒருத்தர் செருப்பைக் கழட்டிட்டு நின்னார். அதைப் பாத்துட்டு பக்கத்துல இருந்தவங்களும் கழட்டுனாங்க, நானும் கழட்டுனேன், தார் ரோடு சுட்டுச்சு. கொஞ்ச நேரத்துல ஏர்ஃபோர்ஸ் ஹெலிகாப்டர் மண்டபத்துக்குக் கிளம்புச்சு, அங்க இருந்து ராணுவ வண்டில ராமேஸ்வரம். போர்க்காலத்துல போட்ட ஏரோட்ராம்ல போர்க்காலத்துல பேப்பர் போட்ட பையன் கடைசியா வந்து இறங்குனார். டேராடூன்ல ஏர்ஃபோர்ஸ் பைலட் செலக்‌ஷனுக்குப் போயி 8 இடத்துக்கு 9ஆவது ஆளா வந்து கிடைக்காமப் போனவரும் அவரு தான், அதே மனுஷன் ஜனாதிபதி ஆகி 2006ல புனேல சுகோய் 30 போர் விமானத்துல பறந்தே காட்டிட்டார்.

உச்சிப்புளில இருக்குறது ஏர்ஃபோர்ஸா நேவியா?

நேவி. பத்துல எட்டு பேரு இதைத் தப்பா தான் சொல்றாங்க. பேரு ஐஎன்எஸ் பருந்து. மதுரைல இருந்து பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி மண்டபம் போற வழி, 125 கிலோமீட்டர் சொச்சம். 80கள்ல இருந்தே நேவி அங்க விமானம் வச்சு ஓட்டிக்கிட்டு தான் இருந்துச்சு, 2009 மார்ச்ல தான் முறைப்படி பேரு வச்சு ஐஎன்எஸ் ஆக்குனாங்க. ஊருக்காரங்க பருந்துன்னுலாம் சொல்ல மாட்டாங்க, "நேவி கேம்ப்" தான்.

நேவி விமான தளங்களுக்கு பறவை பேரு வைக்கிறது வழக்கம். கொச்சி கருடா, கோவா ஹன்ஸா, மும்பை ஷிக்ரா, கிரேட் நிகோபார்ல பாஸ். அந்த வரிசைல நமக்குக் கிடைச்சது ராஜாளி, பருந்து. கும்பாபிஷேகத்துல கருடன் வட்டம் போடுதான்னு கழுத்து வலிக்க அண்ணாந்து பாக்குற ஜனம் நம்ம, நமக்கு இதை விடப் பொருத்தமா வேற என்ன பேரு வைக்க முடியும்.

தரைல இருக்குற கேம்புக்கு ஏன் ஐஎன்எஸ்? அது கப்பலுக்கு தானே?

கப்பலுக்கு தான். பிரிட்டிஷ் நேவில இருந்து வந்த பழக்கம் இது. அந்தக் காலத்துச் சட்டப்படி கடற்படை ஒழுங்குச் சட்டம் ஒரு கப்பலோட கணக்குல பேரு இருக்குற ஆளு மேல தான் செல்லும். தரைல வேலை பாக்குறவனை எப்படி கட்டுப்படுத்துறது? தரைல இருக்குற கட்டடத்தையே கப்பல்னு எழுதிட்டா முடிஞ்சது. அப்படியே நம்ம நேவிக்கும் வந்துருச்சு. நேவில இருக்குற என் சித்தப்பா பையன் லீவுக்கு கேட்டைத் தாண்டி வெளிய வர்றதையே "கரைக்குப் போறேன்"னு தான் சொல்லுவான், நிக்கிறது என்னமோ கருவேலங்காட்டுக்கு நடுவுல. திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்துல இருக்குற ஐஎன்எஸ் கட்டபொம்மனும் இதே மாதிரி தான், அது கடலுக்கு அடில இருக்குற நீர்மூழ்கிக் கப்பலுக்கு ரேடியோ அனுப்புற இடம்.

இத்தனை ஊர் இருக்கும்போது உச்சிப்புளியை ஏன் புடிச்சாங்க?

கடல் தான் காரணம். பாக் நீரிணை ரொம்ப ஆழம் கம்மி, ராமர் பாலம் பக்கம்லாம் ஆளு நின்னா இடுப்பளவு தண்ணில மணல் திட்டு. பெரிய போர்க்கப்பல் அங்க சுத்தவே முடியாது, தரை தட்டிரும். அப்ப யாரு பாக்குறது? ஒண்ணு மேல இருந்து பாக்கணும், இல்ல தண்ணியையும் மணலையும் ஒண்ணா தாண்டுற வண்டி வேணும். அதான் வானத்துக்கு உச்சிப்புளில நேவி, தண்ணிக்கு மண்டபத்துல கோஸ்ட் கார்டோட ஹோவர்கிராஃப்ட். அது பெரிய ரப்பர் மெத்தை மாதிரி காத்தை ஊதிக்கிட்டு மண்ணு மேலயே ஏறி நிக்கும், மண்டபம் போனா பசங்களுக்குக் காட்டுங்க.

இலங்கைப் பிரச்சனை வந்ததும் வேலை ஜாஸ்தியாச்சு. 1987 ஜூன் 3 ராமேஸ்வரத்துல இருந்து செஞ்சிலுவைக் கொடியோட யாழ்ப்பாணத்துக்கு நிவாரணம் ஏத்திக்கிட்டு போட்டுக போச்சு, இலங்கை நேவி மறிச்சு திருப்பி அனுப்பிருச்சு. மறுநாளே பெங்களூர்ல இருந்து 5 ஏஎன்-32 சரக்கு விமானம், துணைக்கு மிராஜ் 2000 போர் விமானம், நேரா யாழ்ப்பாணத்து மேல போயி 25 டன் அளவுக்கு பாராசூட்ல போட்டுட்டு வந்துட்டாங்க. ஆபரேஷன் பூமாலைன்னு பேரு. அப்புறம் அமைதிப்படை போச்சு, 1990 மார்ச்ல திரும்பி வந்துச்சு. அந்த ஜூன்ல ஆபரேஷன் தாஷான்னு பாக் நீரிணை ரோந்து ஆரம்பிச்சாங்க, எல்லைக் கோட்டை ஒட்டி விமானமும் படகும் சுத்திக்கிட்டே இருக்கணும். அதுக்கு பக்கத்துலயே ஒரு ரன்வே இல்லாம முடியாதுல்ல.

அங்க என்ன விமானம் இருக்கு? போர் விமானம் பாக்கலாமா?

போர் விமானம் கிடையாது. அங்க வேலையே கண்காணிக்கிறது தான், அடிக்கிறது இல்ல. ரொம்ப நாளா ஓட்டுனது ஐலாண்டர்னு ரெண்டு இன்ஜின் குட்டி விமானம், பத்து பேரு நெருக்கி உக்காரலாம், சின்ன ரன்வே போதும். அப்புறம் சேத்தக் ஹெலிகாப்டர்.

2012 ஏப்ரல்ல தான் ஆளில்லா விமானப் படைப்பிரிவு, ஐஎன்ஏஎஸ் 344, வந்துச்சு. இஸ்ரேல் தயாரிப்பு, ஹெரான், சர்ச்சர்னு ரெண்டு ரகம். ஹெரானோட றெக்கை 16.6 மீட்டர், நீளமான டவுன் பஸ்ஸை விட ஜாஸ்தி, ஆனா மொத்த எடை ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும் அவ்வளவு தான். இன்ஜின் 115 குதிரைத்திறன், ஒரு இன்னோவா இன்ஜினை விடச் சின்னது, அதுவும் பின்னாடி மாட்டிருக்கும், தள்ளிக்கிட்டே போகும். இதை வச்சுக்கிட்டு 24 மணி நேரத்துக்கும் மேல மேலயே நிக்கும். பைலட் கீழ ஒரு ரூம்ல ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பார், ஷிஃப்ட் மாறுவார், டீ குடிப்பார், அது பாட்டுக்கு சுத்திக்கிட்டு இருக்கும்.

ஊர்க்குருவி உயர உயரப் பறந்தாலும் பருந்தாகாதுன்னு சொல்லுவோம். உச்சிப்புளில பருந்துன்னு பேரு வச்சு பூரா ஊர்க்குருவியா தான் வளக்குறாங்க, ஆனா அந்தக் கடலுக்கு அது தான் சரி. மணிக்கு 1,000 கிலோமீட்டர்ல போறவனுக்கு மணல் திட்டுல ஒதுங்கி நிக்கிற ஃபைபர் படகு கண்ணுல படாது.

மேல இருந்து இம்புட்டு பாக்குறாய்ங்க, அப்புறம் ஏன் நம்ம மீனவங்களை இலங்கை நேவி புடிச்சுட்டுப் போகுது?

இந்தக் கேள்வியை கோவத்தோட கேக்குறவங்க தான் ஜாஸ்தி, கோவம் நியாயம் தான். ஆனா பாக்குறதும் தடுக்குறதும் வேற வேற. 1974லயும் 1976லயும் போட்ட ஒப்பந்தப்படி கடல்ல ஒரு கோடு இருக்கு, கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிருச்சு. கோட்டுக்கு அங்கிட்டு நம்ம விமானத்துக்கு எதையும் தடுக்குற அதிகாரம் இல்ல, தகவல் சொல்லலாம், படம் எடுக்கலாம், அவ்வளவு தான். ராமேஸ்வரத்துல இருந்து அந்தக் கோடு விசைப்படகுக்கு கொஞ்ச நேர ஓட்டம், தண்ணி மேல வேலியா போட்டிருக்கு? மீன் கிடைக்கிற இடம் அங்கிட்டு. இது ரன்வே போட்டோ ட்ரோன் விட்டோ தீர்ற பிரச்சனை இல்ல, ரெண்டு நாட்டு கவர்மெண்ட்டும் உக்காந்து பேசணும், இழுவலை பிரச்சனையையும் சேத்து. அங்கிட்டு இருக்குறவனும் தமிழ் மீனவன் தான், நம்ம இழுவலைல அவன் வலையும் கிழியுதுங்குறதை நம்ம பேச மாட்டேங்குறோம், எனக்கு அது ஒரு உறுத்தல்.

அப்போ நமக்குப் பக்கத்துல உண்மையான போர் விமானம் எங்க இருக்கு?

தஞ்சாவூர். போர்க்காலத்துல போட்ட பழைய ரன்வேயை ஏர்ஃபோர்ஸ் ரெடி பண்ணி 2013 மே மாசம் திறந்தாங்க. 2020 ஜனவரி 20 அங்க 222ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), டைகர் ஷார்க்ஸ்னு பேரு, சுகோய் 30 எம்கேஐ விமானத்தோட வந்து உக்காந்துச்சு. தென்னிந்தியால சுகோய் வச்ச முதல் ஸ்குவாட்ரன் அது. புலிச்சுறான்னு பேரு வச்சது சும்மா இல்ல, வேலை கடல்ல தான். இறங்காம எரிபொருள் நிரப்பாம 3,000 கிலோமீட்டர் போகும், வயித்துக்கு அடில ஒரு பிரமோஸ் ஏவுகணை, அது மட்டும் இரண்டரை டன், சத்தத்தை விட ரெண்டே முக்கால் மடங்கு வேகம். தஞ்சாவூர்ல இருந்து கிளம்புனா இந்து மகாசமுத்திரத்துல பெரும் பகுதி கைக்கு எட்டும்.

சூலூர்ல தேஜஸ் போர் விமானம் இருக்கு, வானத்துல சாகசம் காட்டுற சாரங் ஹெலிகாப்டர் டீமும் அங்க தான். இது எல்லாத்துக்கும் மேல தலைமை திருவனந்தபுரத்துல, தெற்கு விமானப்படைக் கட்டளை, 1984ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி சண்டைன்னா வடக்க தான், தெற்க என்ன வரப் போகுதுங்குற நெனப்பு தான் டெல்லிக்கு. 1942ல வெள்ளைக்காரன் பட்டு தெரிஞ்சுக்கிட்டதை நம்மாளுக 40 வருஷம் கழிச்சு தான் திரும்ப கையில எடுத்தாங்க.

திடீர்னு வானத்துல டமார்னு வெடி சத்தம், ஜன்னல்லாம் ஆடுது. அது என்ன?

திண்டுக்கல் பக்கம் இருக்குறவங்க அடிக்கடி கேக்குறது. விருதுநகர் பக்கம்னா மொதல்ல பட்டாசு ஆலையோன்னு தான் பதறும், அந்த ஊரு பட்ட பாடு அப்படி. ஆனா புகையும் இல்ல, எங்கயும் விபத்தும் இல்ல, ஒரே நேரத்துல பல ஊர்ல கேட்டுச்சுன்னா பெரும்பாலும் அது போர் விமானம் சத்தத்தோட வேகத்தைத் தாண்டுனது தான்.

தெப்பக்குளத்துல படகு வேகமா போனா ரெண்டு பக்கமும் விரிஞ்சு ஒரு அலை வரும்ல, படகு போயி கொஞ்ச நேரம் கழிச்சு தானே அது கரைல வந்து மோதும்? அதே தான். தரை மட்டத்துல சத்தம் மணிக்கு சுமார் 1,235 கிலோமீட்டர் வேகத்துல போகும். விமானம் அதை முந்துனா சத்த அலையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரே அடியா கீழ வந்து விழும். நிறைய பேரு அந்த வேகத்தைத் தாண்டுற செகண்டுல மட்டும் ஒரு தடவை வெடிக்கும்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. வேகமா போற வரைக்கும் அந்த அலையைக் கூடவே இழுத்துக்கிட்டு போகும், வழில இருக்குற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டமார். நீங்க அண்ணாந்து பாக்கும்போது விமானம் பல மைல் தாண்டிருக்கும், அதான் யாரும் பாத்ததில்ல.

ஏர்போர்ட் பக்கத்துல பிளாட் வாங்கலாமா? மாடி கட்ட விடுவாங்களா?

வாங்கலாம், ஆனா புரோக்கர் பேச்சைக் கேட்டு வாங்காதீங்க. ஏர்போர்ட்டைச் சுத்தி 20 கிலோமீட்டர் வரைக்கும் கட்டட உயரத்துக்கு கட்டுப்பாடு உண்டு. கலர் கலரா பிரிச்சு ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி மேப்பே போட்டிருக்கு, உங்க பிளாட் எந்தக் கலர்ல வருதுன்னு பாத்தா எவ்வளவு உயரம்னு தெரிஞ்சுரும், தேவைப்பட்டா ஆன்லைன்ல என்ஓசி (தடையில்லாச் சான்று) போடணும். ரன்வேக்கு நேர்கோட்டுல வர்ற இடத்துல தான் ரொம்ப கறார், பக்கவாட்டுல கொஞ்சம் தளர்வு. எங்க தெருவுலயே ஒருத்தர் தண்ணி டேங்க்கை மேல மேல ஏத்திட்டு அப்புறம் ஒரு அடுக்கை இடிச்சார். மிலிட்டரி தளம் பக்கத்துலன்னா இதோட 1903ஆம் வருஷத்து பாதுகாப்புப் பணிகள் சட்டமும் சேரும், மதில் சுவரை ஒட்டி ஒண்ணும் கட்ட விட மாட்டாங்க.

போட்டோ எடுக்கலாமா? கல்யாணத்துக்கு ட்ரோன் விடலாமா?

ரோட்டுல நின்னு பயணிகள் பிளைட் பறக்குறதை எடுத்தா ஒண்ணும் இல்ல. மிலிட்டரி தளத்தோட கேட், டவர், காம்பவுண்டு பக்கம் போனைத் தூக்கவே தூக்காதீங்க, 1923 அரசு ரகசியச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. உச்சிப்புளி தாண்டும்போது பஸ்ல இருந்து வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுற தம்பிகளுக்குத் தான் இதைச் சொல்றேன்.

ட்ரோனுக்கு 2021 விதி. ஏர்போர்ட் சுத்துச்சுவர்ல இருந்து 8 கிலோமீட்டருக்குள்ள அனுமதி இல்லாம கூடாது, 8ல இருந்து 12 வரைக்கும் 200 அடி, அதுக்கு வெளிய பச்சை மண்டலம்னா 400 அடி. அவனியாபுரம், வில்லாபுரம், திருப்பரங்குன்றம் மண்டபங்கள் எல்லாம் அந்த 8க்குள்ள தான் வருது மாப்ள, மாப்பிள்ளை அழைப்புக்கு ட்ரோன் விடுறேன்னு வீடியோகிராபர் சொன்னா பெர்மிஷன் எங்கன்னு கேளுங்க. டிஜிட்டல் ஸ்கைங்குற சைட்ல மேப் இருக்கு, சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி, மஞ்சள்னா டவர் அனுமதி.

உச்சிப்புளி உள்ள போயி சுத்திப் பாக்கலாமா?

முடியாது. பொதுமக்களுக்குத் திறந்த இடம் இல்ல.

என் பையனுக்கு ஏர்ஃபோர்ஸ்ல சேரணும்னு ஆசை. என்ன பண்ணனும்?

2022ல இருந்து அக்னிபத் திட்டம் தான். பதினேழரைல இருந்து 21 வயசு, 4 வருஷம் சர்வீஸ், அதுல 25 சதவீதம் வரைக்கும் தான் தொடர்ந்து வச்சுக்குவாங்க. ஏர்ஃபோர்ஸுக்கு அக்னிவீர் வாயு, தாம்பரத்துல செலக்‌ஷன் சென்டர் இருக்கு. நேவி அக்னிவீருக்கு ட்ரெயினிங் ஒடிசால சில்கா. பைலட்டாவே ஆகணும்னா பன்னெண்டாவதுல ஃபிசிக்ஸ் மேத்ஸ் எடுத்து என்டிஏ பரீட்சை எழுதணும், டிகிரி முடிச்சிருந்தா சிடிஎஸ், ஏஃப்கேட் பரீட்சை. எல்லாமே ஆன்லைன் அப்ளிகேஷன், எங்கயும் எவனுக்கும் பணம் குடுக்க வேணாம். என் மாமா பையன் ஒருத்தன் "உள்ள ஆள் இருக்கு"ன்னு சொன்ன புரோக்கர்கிட்ட 2 லட்சம் குடுத்துட்டு ரெண்டு வருஷம் வயசை வீணாக்குனான். பணம் போனது கூட போகட்டும், 21 தாண்டிருச்சே.

ராமநாதபுரத்துக்கு பிளைட் விடப் போறாங்கன்னாங்களே, என்னாச்சு?

சின்ன ஊருக்கும் பிளைட் விடுற மத்திய அரசோட உடான் திட்டத்து லிஸ்ட்ல ராமநாதபுரம், தஞ்சாவூர் ரெண்டு பேரும் வந்துச்சு. மிலிட்டரி ரன்வேல பயணிகள் பிளைட் இறங்குறது புதுசு ஒண்ணும் இல்ல, கோவா டபோலிம் நேவி இடம், புனே ஏர்ஃபோர்ஸ் இடம். ரன்வேயும் டவரும் அவங்க கைல, ஒரு ஓரத்துல தனி வாசலோட பயணிகள் டெர்மினல், அவ்வளவு தான் ஏற்பாடு. ஆனா உச்சிப்புளி ரன்வே குட்டி விமானத்துக்குன்னு போட்டது, அதைப் பெருசாக்கணும், நிலம் வேணும், டெர்மினல் வேணும், அப்புறம் நட்டமில்லாம ஓட்டுறதுக்கு ஒரு கம்பெனியும் வேணும். அதுவரைக்கும் மாட்டுத்தாவணில ராமேஸ்வரம் பஸ் தான். பரமக்குடில பாதி பேரு இறங்கிருவாங்க, ஜன்னல் சீட்டு கிடைக்கும்.